பத்து ரூபாய்க்கு விலைபோகும் நாணயம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு கிலோ தக்காளி வாங்குகிறவர் தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஐம்பது கிராம் குறைந்தாலும் கடைக்காரரைச் சும்மா விடுவதில்லை. மறுபடியும் நிறுக்கச் சொல்கிறார், பக்கத்துக் கடைத் தராசில் வைத்துச் சரிபார்க்கிறார், "இப்படிச் சம்பாதித்த காசு உடம்பில் ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருகிறார். அவர் கேட்பது நியாயம். நிறுவையில் செய்கிற மோசம் எத்தகைய பாவம் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால், அதே மனிதர் நிரப்பிய பையோடு ரயில் நிலையம் சென்று, டிக்கெட் வாங்காமலேயே வண்டியேறி, லால்குடியிலோ பூதலூரிலோ இறங்கி, பரிசோதகர் நிற்காத பக்கமாகப் பார்த்து வெளியேறி வீடு போய்ச் சேருகிறார் என்றால், அவரை நாம் என்னவென்று அழைப்பது? கடைக்காரர் தராசில் செய்ததை இவர் தண்டவாளத்தில் செய்திருக்கிறார். ஒன்றுக்கு மோசடி என்று பெயர். மற்றொன்றுக்குச் சாமர்த்தியம் என்று பெயர்! இந்தப் பெயர் மாற்றத்தைத்தான் நாம் கண்டிக்க விரும்புகிறோம்.

திருச்சியின் வாணிபம் ரயிலோடு சேர்ந்து வளர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டில் திருச்சியைத் தொட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1868ஐ ஒட்டி, கோட்டை மார்க்கெட்டாக எழுந்ததே பின்னர் காந்தியடிகளின் பெயரைத் தாங்கிய இந்தச் சந்தை. 1928இல் ரயில்வேப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. இன்றும் அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாக ஒரு பாதையிலும், தஞ்சாவூர், பூதலூர், திருவெறும்பூர் வழியாக இன்னொரு பாதையிலும், கரூர், குளித்தலை வழியாக வேறொரு பாதையிலும் மக்கள் இந்நகருக்கு வந்து சேருகிறார்கள். மண்டியில் கணக்கு எழுதுகிறவர், மூட்டை தூக்குகிறவர், கூடையோடு வருகிற பூக்காரப் பெண், தரைக்கடை போடுகிறவர், சாமான் வாங்கப் போகும் குடும்பத்தார் என எல்லாரையும் சுமந்து வருவது ரயில்தான். பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஏழைக்கு அது கைகொடுக்கிற வாகனம். அப்படிப்பட்ட வாகனத்தை ஏய்ப்பது ஏழையின் கையைத் தட்டிவிடுவதற்குச் சமம் அல்லவா?

"சர்க்கார் வண்டிதானே, யார் வீட்டுப் பணம் போகிறது?" என்கிறார்கள் சிலர். சர்க்கார் என்பவர் யார்? அவருக்கென்று தனியாக வயலும் தோப்பும் உண்டா? நாமும் நம் அண்டை அயலாரும் கொடுக்கிற வரிதானே அவருடைய பெட்டியை நிரப்புகிறது? ஒரு பயணிக்காகத் தான் செய்யும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டைத்தான் கட்டணமாகத் திரும்பப் பெறுவதாக ரயில்வே நிர்வாகம் டிக்கெட்டுகளிலேயே அச்சிட்டு வந்திருக்கிறது. அதாவது, ஒழுங்காக டிக்கெட் வாங்குகிறவருக்கே பிறர் பணத்திலிருந்து உதவி கிடைக்கிறது. டிக்கெட் வாங்காதவரோ அந்த உதவியையும் எடுத்துக்கொண்டு, தாம் கொடுக்க வேண்டிய பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். தனிமனிதன் ஒருவனிடம் கடன்பட்டால் அவனைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். கோடிக்கணக்கான மக்களிடம் பட்ட கடனுக்கு எந்த வாசலில் போய் நிற்பது? பொதுச்சொத்து ஓர் அமானிதம். அதில் கைவைக்கிறவன் எண்ணிக்கையற்ற மனிதர்களுக்குக் கடனாளியாகிறான்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இரண்டு வகைக் குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. முறையான டிக்கெட் இல்லாமல் அகப்படுகிறவரிடம் 138ஆம் பிரிவின்படி, பயணக் கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 ரூபாயோ எது அதிகமோ அதையும் கூடுதலாக வசூலிக்கலாம். எந்த நிலையத்தில் ஏறினார் என்பதில் ஐயம் இருந்தால், வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கட்டணம் கணக்கிடவும் வழியுண்டு. கொடுக்க மறுத்தால் விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போகிறது. அங்கும் கட்டத் தவறினால் பத்து நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறைவாசம். ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்கிறவரும், ஒருமுறை பயன்படுத்திய டிக்கெட்டை மறுபடி பயன்படுத்துகிறவரும் 137ஆம் பிரிவுக்குள் வருகிறார்கள். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று அச்சட்டம் விதித்தது. தனிக் காரணம் இல்லாவிட்டால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது.

முன்னதில் பணத்தோடு முடிகிறது. பின்னதில் தண்டனை பெற்றவர் என்ற பெயர் எஞ்சுகிறது. "உங்கள்மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா?" என்று வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்போது, "இல்லை" என்று நெஞ்சில் கை வைத்து எழுத இயலாத நிலையில் ஓர் இளைஞன் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவனைப் படிக்க வைக்க அவனுடைய அத்தா பட்ட பாடென்ன, அவன் மிச்சப்படுத்திய பத்து ரூபாய் என்ன!

சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் டிக்கெட் வாங்க முடியாதவர் ரயில்வே ஊழியரிடம் நிலைமையைச் சொல்லி அனுமதி பெறலாம். கட்டணத்தைப் பிறகு செலுத்துவதாக ஒப்புக்கொண்டு அதற்கான சான்று பெற்றவரிடம் கூடுதல் தொகை வசூலிக்கக் கூடாது என்று அதே சட்டம் இடமளிக்கிறது. ஆண் துணையின்றித் தனியே பயணம் செய்யும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில், நள்ளிரவில் இறக்கிவிடக் கூடாது என்றும் அது காவல் போட்டிருக்கிறது. உண்மை பேசுகிறவனுக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒளிகிறவனுக்குத்தான் அந்தக் கதவு மூடுகிறது.

கையில் ஏதோ ஒரு டிக்கெட் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அது செல்லுபடியாகும் டிக்கெட்டாக இருக்க வேண்டும். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாப் பயணத்துக்கு வாங்கிய டிக்கெட், வாங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான அடுத்த வண்டி புறப்படுவதற்குள் பயன்பட வேண்டும் என்பது 2016 முதல் உள்ள விதி. காலையில் வாங்கிய டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் ஏறுகிறவர் டிக்கெட் இல்லாதவரே. இணையத்தில் பதிவு செய்து, பட்டியல் தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பில் நின்றுபோன டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடுகிறது. அந்தத் தாளை நீட்டுகிறவரும் டிக்கெட் இல்லாதவரே. கைப்பேசியில் எடுத்த டிக்கெட்டை அதற்குரிய செயலியிலேயே காட்ட வேண்டும். யாரோ அனுப்பிய அதன் படம் டிக்கெட் ஆகாது. சாதாரண வண்டிக்கான டிக்கெட்டோடு அதிவிரைவு வண்டியில் ஏறுவதும், சீசன் டிக்கெட்டோடு அதற்கு அனுமதியில்லாத முன்பதிவுப் பெட்டியில் அமர்வதும், அண்ணன் பெயரிலுள்ள சீசனைத் தம்பி காட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றுள் சில அறியாமையால் நேருகின்றன. அறியாதவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. அறிந்தும் செய்கிறவரைப் பற்றித்தான் நம் கோபம்.

அந்த அறிந்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். போக வர 20 ரூபாய். மாதத்தில் இருபத்தைந்து நாள் போனால் 500 ரூபாய். மாதத்துக்கு ஒருமுறை அகப்பட்டு 260 ரூபாய் கட்டினாலும் 240 ரூபாய் மிச்சம்! வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதால் கணக்கு நன்றாகவே வருகிறது. ஆனால், இந்தக் கணக்கில் இரண்டு இனங்கள் விடுபட்டுப் போயின. முதலாவது, அதே பயணத்தை மாத சீசன் டிக்கெட்டில் செய்தால் நாள்தோறும் டிக்கெட் வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் முடிந்துவிடும். 150 கிலோமீட்டர் வரை அந்த வசதி உண்டு. இரண்டாவது, வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் கறுப்புக் கோட்டைக் கண்டு துடிக்கிற அந்த நெஞ்சின் துடிப்புக்கு என்ன விலை போட்டார்கள்? ஐம்பது வயதுப் பெரியவர் ஒருவர், தம் மகன் வயதுள்ள பரிசோதகர் முன்னால் கைகட்டி நின்று, பெட்டியிலுள்ள எல்லாரும் திரும்பிப் பார்க்க, "இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் சார்" என்று கெஞ்சுகிறாரே, அந்தக் கெஞ்சலை எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

ரயில்வே நிர்வாகத்தைக் குறை சொல்லித் தப்புகிறவர்களும் உண்டு. குறைகள் இல்லையென்று நாம் வாதாடப் போவதில்லை. கொரோனாக் காலத்தில் சாதாரண வண்டிகளுக்கு விரைவு வண்டிப் பெயரிட்டுக் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக்கி, 2024 பிப்ரவரி வரை அதை இழுத்துச் சென்றார்கள். கூலிக்குப் போகிறவர் வயிற்றில் அடித்த செயல் அது. மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளில் ஆடுமாடுகளைப்போல் மனிதர்கள் அடைந்து போகிறார்கள். இவற்றையெல்லாம் கண்டித்து எழுத வேண்டும், பேச வேண்டும், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வைக்க வேண்டும். ஆனால் கேட்கிறவன் கையில் டிக்கெட் இருக்க வேண்டும்!

இந்த மார்க்கெட் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருடைய வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இளம் வழக்கறிஞர் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவரிடம் முறையான முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. தோலின் நிறத்துக்காக அவரை வெளியேற்றினார்கள். அந்த இரவின் அநீதி உலகறிந்த கதையானதற்கு அந்த டிக்கெட்டும் ஒரு காரணம். அவர் டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தால், வெள்ளை அதிகாரியின் செயலுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். காந்திக்குச் சொல்ல வாயிருந்திருக்காது. இந்தியாவுக்குத் திரும்பிய பின் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்கே ஏழைகள் படும் அவதியை 1917இல் தனி வெளியீடாகவே எழுதினார். ரயில்வேயை அவரைப்போல் கண்டித்தவர்கள் குறைவு. அப்படிக் கண்டித்தவரே, சுதந்திரம் வந்த பிறகு டிக்கெட் இல்லாத பயணம் பெருகியபோது அதையும் கண்டித்தார். நம் வண்டி என்றால் நாமே ஏய்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் சுதந்திரமாக ஏற்கவில்லை.

"காந்தியே சட்டத்தை மீறச் சொன்னவர்தானே?" என்று குதர்க்கம் பேசுவோரும் இல்லாமல் இல்லை. திருச்சிக்காரர்களுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தது இந்த ஊரிலிருந்துதான். உப்புச் சட்டத்தை மீறப் போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு நடந்தார்கள். பட்டப்பகலில் மீறினார்கள். சிறைக்குப் போ என்றபோது போனார்கள். டிக்கெட் வாங்காதவர் அப்படிச் செய்கிறாரா? பரிசோதகர் முன்னால் சென்று, "அநியாயக் கட்டணத்தை எதிர்க்கிறேன், என்னைச் சிறையில் வையுங்கள்" என்று சொல்லுகிறாரா? இல்லையே! ஒளிகிறார், மறுபக்கம் குதிக்கிறார், உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒளிந்து செய்வதற்குப் போராட்டம் என்ற பெயரைக் கொடுத்து, சிறை சென்றவர்களை இழிவுபடுத்த வேண்டாம்.

இதுவரை சொன்னவை பயணம் செய்கிறவரைப் பற்றியவை. குடும்பத்தார் கேட்க வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் தவறி விழுந்து இறந்தால், ரயில்வேயின் தவறு எதையும் நிரூபிக்காமலேயே அவருடைய குடும்பம் இழப்பீடு கோரலாம் என்று ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு உரிமை தருகிறது. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கான அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ஆனால் இந்த உரிமை 'பயணி'க்கு உரியது. செல்லுபடியாகும் டிக்கெட்டோ பிளாட்பாரம் டிக்கெட்டோ வாங்கியவரையே அச்சட்டம் அந்த இடத்தில் பயணி என்கிறது. கூட்ட நெரிசலில் வாசற்படியில் தொங்கிக்கொண்டு போகிற இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பையில் டிக்கெட் இருந்தால் அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கு 8 லட்சம். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

"டிக்கெட் விழுந்து தொலைந்துபோனால்?" என்று கேட்கலாம். 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. குடும்பத்தார் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அதை மறுத்து நிரூபிக்கும் சுமை ரயில்வேயின் பக்கம் போகிறது. இரக்கமும் நீதியும் கலந்த தீர்ப்பு. ஆனால், அந்தப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர் யார்? கணவனை இழந்து இத்தாவில் இருக்கிற ஒரு பெண்! தன் கணவன் வழக்கமாக டிக்கெட் வாங்குகிறவனல்லன் என்பது அவளுக்குத் தெரியும். "இன்றைக்கும் மிச்சம்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னதை எத்தனையோ மாலைகளில் கேட்டவள் அவள். இப்போது, "என் கணவர் டிக்கெட் வாங்கியே பயணம் செய்தார்" என்று சத்தியம் செய்தால் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கலாம். செய்யாவிட்டால் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். ஒரு பக்கம் பசித்த குழந்தைகள், மறுபக்கம் பொய்ச் சத்தியம். அவளை அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டுப் போனவன் யார்? பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவன் தன் மானத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை. அவளுடைய ஈமானையும் சேர்த்தே பணயம் வைத்துவிட்டான்.

பரிசோதகரைப் பகைவராகப் பார்க்கிற மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024 ஏப்ரல் 2ஆம் நாள் கேரளத்தில் திருச்சூர் அருகே, எர்ணாகுளத்திலிருந்து பாட்னா செல்லும் விரைவு வண்டியில், டிக்கெட் கேட்ட பரிசோதகர் ஒருவர் ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டு உயிரிழந்தார். முறையான டிக்கெட் இல்லாமல் முன்பதிவுப் பெட்டியில் பயணம் செய்த ஒருவர் கைது செய்யப்பட்டார். டிக்கெட் வாங்காத எல்லாரும் கொலைக்குத் துணிவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தம் கடமையைச் செய்கிற ஊழியரைத் தொல்லை என்று எண்ணத் தொடங்குகிற நாளிலேயே அந்தப் பாதையில் ஒரு காலடி வைத்தாயிற்று. அவரும் மாலையில் வீடு திரும்ப வேண்டிய மனிதர். அவருக்காகவும் ஒரு வீட்டில் சோறு எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முன்பதிவில்லாப் பயணத்தில் பாதிக் கட்டணம். இதற்காக, இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையனைப் பார்த்து, "கேட்டால் நாலு வயது என்று சொல்லு" என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதைவிடக் கொடுமை வேறு உண்டா? மதரஸாவில் ஹஸ்ரத் பொய் சொல்லாதே என்று சொல்லித் தந்ததை, ரயிலடியில் பெற்ற தாயே அழித்து எழுதுகிறாள். ஐந்து ரூபாய்க்காகப் பொய் சொல்லக் கற்ற பிள்ளை நாளை ஐயாயிரத்துக்குப் பெற்றவர்களிடமே பொய் சொன்னால், "யாரிடமிருந்து கற்றான் இவன்?" என்று கேட்கும் தகுதி அந்த வீட்டில் யாருக்கு இருக்கும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. டிக்கெட் கவுண்டரில் வரிசை நீளமாக இருக்கிறது என்பவர்களுக்குத் தானியங்கி இயந்திரங்கள் வந்திருக்கின்றன, கைப்பேசியிலேயே டிக்கெட் எடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கட்டும். மண்டி முதலாளிகளாக இருக்கிற நம் பெரியவர்கள், வெளியூரிலிருந்து வந்து போகும் பையன்களின் சம்பளத்தோடு மாத சீசன் டிக்கெட்டையும் தாமே வாங்கிக் கொடுக்கட்டும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கைநிறையக் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய செலவன்று. கூலி குறைவாகக் கொடுத்துவிட்டு, அவன் டிக்கெட் வாங்குவதில்லை என்று முகம் சுளிப்பதில் பொருளில்லை. கையில் காசே இல்லாத ஏழை பயணம் செய்ய நேர்ந்தால் அவனுக்கு டிக்கெட் வாங்கித் தருவதும் ஒரு தர்மம்தான். ஜமாஅத்தார் அதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டார்கள்.

காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவரைப் பற்றி ஊரார் நல்லபடியாகச் சொல்ல வேண்டுமானால், "நாணயமான ஆள்" என்கிறார்கள். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். காசை மிச்சம் பிடித்து நேர்மையை விற்கிறவர் இரண்டில் எதை வைத்துக்கொண்டு எதை இழந்தார் என்பதைத் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். இன்று மாலை வண்டிக்கு டிக்கெட் 10 ரூபாய்தான்.